பிரிட்டனில் புதுக் குடித்தனமா? கேஸ், கரண்ட் பில்லில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

2025 பிப்ரவரியில் எங்கள் வீட்டுக் கதவுத் துளை வழியாக ஒரு பில் வந்து விழுந்தது. நாலு மாதத்துக்கு 1,087 பவுண்டு. அதாவது நம்மூர்க் காசில் ஒரு லட்சத்துக்கு மேல். நானும் மனைவியும் கோவென்ட்ரியில் இரண்டு படுக்கையறை கொண்ட பழைய வீடு ஒன்றுக்குக் குடிவந்து அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் ஈ.பி. ஆள் வந்து ரீடிங் எடுப்பார், நாம் ஆன்லைனில் கட்டுவோம், அத்தோடு முடிந்தது. கேஸ் என்றால் சிலிண்டர். இங்கே எல்லாமே வேறு. அந்தப் பில்லில் சுமார் 325 பவுண்டு நாங்கள் எரிக்காத கேஸுக்கு. அதை நிரூபித்துத் திருத்த ஐந்து வாரம் ஆனது. முதல் நாளில் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் அந்த ஐந்து வாரம் மிச்சமாகியிருக்கும். நீங்கள் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழியுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதெல்லாம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்குப் பொருந்தும். வட அயர்லாந்தில் ஏற்பாடு வேறு, அங்கே நான் அடுத்துச் சொல்லப்போகும் விலை உச்சவரம்பு கிடையாது.

1. உச்சவரம்பு விலைக்குத்தான், பில்லுக்கு இல்லை

வந்த புதிதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. ‘பிரைஸ் கேப்’ (அதுதான் இந்த உச்சவரம்பு) 1,758 பவுண்டு என்று, 2026 தொடக்கத்தில் வந்த மாதிரி, செய்தியில் படிப்போம். ஓஹோ, வருடத்துக்கு எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள் என்று மனசில் பதிந்துவிடும். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தப்பு.

ஆஃப்ஜெம் என்கிற ஒழுங்குமுறை அமைப்பு கட்டுப்படுத்துவது இரண்டு விஷயங்களைத்தான்: ஒரு யூனிட்டின் விலை, அப்புறம் தினசரி நிலைக் கட்டணம் (இதை எல்லோரும் ஸ்டாண்டிங் சார்ஜ் என்றுதான் சொல்வார்கள்). யூனிட் என்பது நம்மூர் யூனிட்தான், ஒரு கிலோவாட் ஹவர். செய்தியில் வந்த அந்த 1,758, வருடத்துக்கு 2,700 யூனிட் கரண்டும் 11,500 யூனிட் கேஸும் எரிக்கும் ஒரு ‘சராசரி’ வீட்டுக்குப் போட்ட உதாரணக் கணக்கு. நீங்கள் கூட எரித்தால் கூடத்தான் கட்ட வேண்டும்.

2026 ஜனவரி முதல் மார்ச் வரைக்கான விலை, டைரக்ட் டெபிட்டில் (வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் முறை) கட்டுபவர்களுக்கு, 5 சதவீத வாட் வரி சேர்த்து இப்படி இருந்தது: கரண்ட் யூனிட்டுக்கு 27.69 பென்ஸ், நாளுக்கு 54.75 பென்ஸ், கேஸ் யூனிட்டுக்கு 5.93 பென்ஸ், நாளுக்கு 35.09 பென்ஸ். இது நாடு தழுவிய சராசரி. நாட்டை 14 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், உங்கள் மண்டலத்தில் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும்.

இதே விலையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,800 யூனிட் கரண்டும் 7,500 யூனிட் கேஸும் எரிக்கும் சின்ன ஃப்ளாட்டுக்கு வருடத்துக்கு 1,270 பவுண்டு அளவில் வரும். 4,100 யூனிட்டும் 17,000 யூனிட்டும் எரிக்கும் பெரிய குடும்பத்துக்கு 2,470 பவுண்டு. இரண்டு வீட்டுக்கும் ஒரே உச்சவரம்புதான்.

இன்னொன்று, அதே விலையில் நிலைக் கட்டணம் இரண்டையும் கூட்டினால் நாளுக்கு சுமார் 90 பென்ஸ். ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும், ஒரு பல்பு கூட எரியாவிட்டாலும், 27 பவுண்டு ஏறியிருக்கும்.

இந்த விலை ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில் மாறும். புது விலையை ஏறக்குறைய ஐந்து வாரம் முன்னால், அதாவது பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் கடைசியில் அறிவிப்பார்கள். விலை மாறும் நாலு தேதியையும் போனில் ரிமைண்டராகப் போட்டு வையுங்கள், ஏன் என்பது பின்னால் வரும்.

2. சாவி கையில் வந்த அன்றே மீட்டரைப் படம் எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், ஹீட்டிங்கைப் போடுவதற்கு முன்னால்.

மீட்டர் மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் இருக்கும், அல்லது வாசலுக்கு வெளியே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும், ஃப்ளாட் என்றால் பொது வராந்தாவில் பூட்டிய அறையில் இருக்கும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஏஜென்ட்டை அன்றே கேளுங்கள். கரண்டுக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, இரண்டையும் எடுங்கள். படத்தில் ரீடிங் எண்ணும் மீட்டரின் சீரியல் நம்பரும் சேர்ந்து தெரிய வேண்டும். சீரியல் நம்பர் முக்கியம். ஃப்ளாட்டுகளில் பக்கத்து வீட்டு மீட்டரை உங்கள் கணக்கில் ஏற்றிவிடுவது நடக்கக்கூடியதுதான்.

எண்ணைப் படிக்கும்போது கமாவுக்கோ புள்ளிக்கோ பின்னால் வருவதையும் சிவப்பு நிறத்தில் இருப்பதையும் விட்டுவிடுங்கள். கேஸ் மீட்டரில் கன மீட்டரா கன அடியா என்று எழுதியிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கரண்ட் மீட்டரில் இரண்டு ரீடிங் (பகல் ஒன்று, இரவு ஒன்று) காட்டினால் இரண்டையும் எடுங்கள்.

எங்கள் விஷயத்தில் நான் படம் எடுக்கவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் போகும்போது ரீடிங் கொடுக்காமல் போயிருக்கிறார்கள், நாங்களும் கொடுக்கவில்லை, அதனால் நிறுவனம் தானாக ஒரு மதிப்பீட்டை எடுத்துக்கொண்டது: கேஸ் 3,920. உண்மையில் நாங்கள் வந்த அன்று அது 4,387. நடுவில் உள்ள 467 கன மீட்டரும் எங்கள் தலையில் விழுந்தது. எங்களைக் காப்பாற்றியது ஒரு வீடியோ. முதல் நாள் சாயங்காலம் வீட்டை அம்மாவுக்குக் காட்ட வாட்ஸ்அப்பில் எடுத்து அனுப்பியிருந்தேன். “இங்க பாருங்கம்மா, படிக்குக் கீழ கூட ஒரு சின்ன ரூம் இருக்கு” என்று அந்த அலமாரியைத் திறந்து காட்டிய இரண்டு வினாடியில், துடைப்பத்துக்குப் பின்னால் மீட்டரும் அதன் எண்களும் தெளிவாகத் தெரிந்தன. அனுப்பிய தேதியும் நேரமும் கூடவே இருந்தன. அம்மா அதை அழிக்காமல் வைத்திருந்தார். எல்லோருக்கும் அப்படி ஒன்று அமையாது.

வாடகை வீட்டில் ஏஜென்ட் கொடுக்கும் இன்வென்டரி அறிக்கையில் (வீட்டின் நிலையையும் பொருட்களையும் பட்டியலிடும் தாள்) மீட்டர் ரீடிங் இருக்கிறதா, அது உங்கள் படத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

3. எந்த நிறுவனம் என்று கண்டுபிடியுங்கள்

நீங்கள் யாரிடமும் எதிலும் கையெழுத்துப் போடாவிட்டாலும், குடிவந்த நாளிலிருந்து ஏற்கெனவே அந்த வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் நிறுவனத்தோடு உங்களுக்கு ஒப்பந்தம் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அவர்களுடைய மாறும் விலைத் திட்டத்தில், பெரும்பாலும் உச்சவரம்பை ஒட்டிய விலையில், கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

அவர்களுக்கு உங்கள் பெயர் தெரியாது. அதனால் ‘தி ஆக்குபையர்’ என்று போட்டுக் கடிதம் வரும். இது நமக்கில்லை, பழைய ஆளுக்கு வந்தது என்று நாங்கள் மூன்று கடிதங்களைப் பிரிக்காமலே ஜன்னல் ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தோம். ஆக்குபையர் என்றால் அந்த வீட்டில் குடியிருப்பவர், அதாவது நீங்கள். பிரித்துப் பாருங்கள்.

கடிதத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். முதலில் ஏஜென்ட்டைக் கேளுங்கள். தெரியாது என்றால், கேஸுக்கு ‘ஃபைண்ட் மை சப்ளையர்’ என்ற இலவச இணையதளத்தில் முகவரியைப் போட்டால் நிறுவனத்தின் பெயரும் எம்.பி.ஆர்.என். என்ற எண்ணும் வரும். கரண்டுக்கு உங்கள் பகுதியின் மின் வலையமைப்பு நிறுவனத்திடம் கேட்க வேண்டும்; அவர்கள் நிறுவனத்தின் பெயரையும் 13 இலக்க எம்.பி.ஏ.என். எண்ணையும் தருவார்கள். இந்த இரண்டு எண்களும் உங்கள் இணைப்பின் ஆதார் எண் மாதிரி, ஆள் மாறினாலும் நிறுவனம் மாறினாலும் இவை மாறாது. கேஸ் ஒரு நிறுவனம், கரண்ட் வேறு நிறுவனம் என்று இருக்கலாம். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றை மறந்துவிடாதீர்கள்.

பில் சேர்த்துத்தான் வாடகை என்று சொல்லும் வீடு என்றால் இந்த வேலை இல்லை, ஆனால் ஒப்பந்தத்தில் ‘ஃபேர் யூசேஜ்’ என்ற வரி இருக்கிறதா, எத்தனை பவுண்டுக்கு மேல் போனால் உங்களிடம் கேட்பார்கள் என்று பாருங்கள். வீட்டுக்காரர் தனியாகக் காசு வாங்கி அவரே நிறுவனத்துக்குக் கட்டுகிறார் என்றால், அவர் யூனிட்டுக்குக் கொடுத்த விலைக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது. பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

4. கணக்குத் தொடங்கத் தேவையானவை

ரொம்பக் குறைவுதான். பெயர், குடிவந்த தேதி (ஒப்பந்தம் தொடங்கிய தேதி), முதல் நாள் ரீடிங், மின்னஞ்சல், போன் எண், டைரக்ட் டெபிட் என்றால் வங்கிக் கணக்கு எண்ணும் சார்ட் கோடும் (நம்மூர் ஐ.எஃப்.எஸ்.சி. மாதிரி, வங்கியைக் குறிக்கும் எண்). விசா நகலோ பாஸ்போர்ட்டோ நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணோ வழக்கமாகத் தேவைப்படாது. வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை மட்டும் கைவசம் வையுங்கள், குடிவந்த தேதியில் சந்தேகம் வந்தால் கேட்பார்கள். கணக்குத் தொடங்கக் கட்டணம் கிடையாது.

வங்கிக் கணக்கு இன்னும் வரவில்லையா, பரவாயில்லை. இப்போதைக்குப் பில் வந்ததும் கட்டும் முறையில் சேர்ந்துகொண்டு பிறகு மாற்றலாம். பெயரும் ரீடிங்கும் பதிவாவதுதான் முதலில் முக்கியம்.

தம்பதி இருவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். வங்கி முதல் பல இடங்களில் முகவரிச் சான்றாகக் கேட்பது இந்தப் பில்லைத்தான். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் மற்றவர் அலைய வேண்டியிருக்கும். என் மனைவிக்கு அதுவே இரண்டு மாத இழுபறியானது.

5. எப்படிக் கட்டுவது

மாதாந்திர டைரக்ட் டெபிட், பில் வந்ததும் கட்டுவது, முன்பணம் போட்டு எரிப்பது என்று மூன்று வழி. பில் வந்ததும் கட்டும் முறைக்கு உச்சவரம்பே கூடுதல், சராசரி வீட்டுக்கு வருடத்தில் 100 பவுண்டுக்கு மேல் அதிகமாகும். வங்கிக் கணக்கு வந்ததும் டைரக்ட் டெபிட்டுக்கு மாறிவிடுங்கள்.

டைரக்ட் டெபிட்டில் மாதாமாதம் ஒரே தொகை போகும். வருடம் முழுவதற்கும் எவ்வளவு ஆகும் என்று அவர்கள் மதிப்பிட்டு அதைப் பன்னிரண்டால் வகுத்த தொகை அது. கோடையில் நீங்கள் கட்டுவது எரிப்பதைவிட அதிகமாக இருந்து பணம் சேரும், குளிர்காலத்தில் அது கரையும். அதனால் செப்டம்பரில் கணக்கில் 200 பவுண்டு இருப்பைப் பார்த்துவிட்டுச் செலவு கம்மி என்று நினைக்காதீர்கள், ஜனவரிக்கு அது வேண்டும். மாறாக, ஏப்ரல், மே மாதத்திலும் பெரிய தொகை மிச்சமாகவே கிடந்தால் அது உங்கள் பணம், திருப்பிக் கேட்கலாம்.

குளிர்காலம் தொடங்கும்போது குடிவருபவர்கள் கவனியுங்கள்: உங்களுக்குக் கோடைச் சேமிப்பு இருக்காது. முதல் சில மாதங்களுக்கு அவர்கள் சொல்லும் தொகைக்கு மேலே உங்களால் முடிந்ததைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

6. முன்பண மீட்டர் உள்ள வீடு என்றால்

கரண்டுக்கு ஒரு சாவி, கேஸுக்கு ஒரு கார்டு, இரண்டையும் கடையில் காசு கொடுத்து நிரப்ப வேண்டும். பேபாயின்ட் பலகை மாட்டிய கடைகளிலும் சில தபால் அலுவலகங்களிலும் செய்யலாம். ஸ்மார்ட் மீட்டர் என்றால் போனிலேயே முடிந்துவிடும். முன்பெல்லாம் இந்த முறைக்கு விலை அதிகம். இப்போது சராசரி வீட்டுக்கு டைரக்ட் டெபிட்டைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

பெரிய பொறி பழைய சாவி. அலமாரியில் முன்பு இருந்தவருடைய சாவி கிடக்கும், அதை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து பவுண்டு போடாதீர்கள். அவருடைய கடன் அந்த மீட்டரில் ஏறியிருந்தால், நீங்கள் போடும் பணத்தில் ஒரு பகுதி அதை அடைக்கப் போய்விடும். முதலில் நிறுவனத்தைக் கூப்பிட்டு, இன்று குடிவந்தேன், பழைய கடனை நீக்குங்கள், புதுச் சாவி அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் அதைச் செய்தாக வேண்டும்.

கோடையில் கேஸே எரிக்காவிட்டாலும் நிலைக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். மூன்று மாதம் கார்டைத் தொடாமல் இருந்துவிட்டு அக்டோபரில் 20 பவுண்டு போட்டால், பத்து நிமிடத்தில் எல்லாம் காணாமல் போன மாதிரி இருக்கும். வாரம் இரண்டரை பவுண்டாவது போட்டு வாருங்கள்.

7. முதல் பில்லை வரி வரியாகப் படியுங்கள்

முதல் பில் வந்ததும் நாலு இடம் பாருங்கள். தொடக்க ரீடிங் உங்கள் படத்தில் இருப்பதுதானா? மீட்டர் சீரியல் நம்பர் பொருந்துகிறதா? ரீடிங் பக்கத்தில் அது நிஜமானதா, மதிப்பீடா என்று எப்படிக் குறித்திருக்கிறார்கள்? விலை சரியா?

மதிப்பீடு என்று இருந்தால் அன்றே உண்மையான ரீடிங்கை ஆப்பில் ஏற்றுங்கள், புதுப் பில் போடுவார்கள். ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறதே என்று நம்பி விட்டுவிடவும் கூடாது; பல வீடுகளில் அது ரீடிங் அனுப்புவதை நிறுத்திவிட்டுச் சும்மா மாட்டியிருக்கும், பில்லோ மதிப்பீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். மாதத்தின் கடைசி நாளில் நீங்களே ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள். விலை மாறும் நாலு தேதிகளுக்கு முந்தைய நாள் ரீடிங் கொடுத்துவிட்டால், பழைய விலையில் எரித்ததைப் புது விலையில் கணக்குப் போடும் பேச்சே வராது.

கேஸ் கணக்கு குழப்பும். மீட்டர் காட்டுவது கன அளவு, பில் போடுவது யூனிட்டுக்கு. ஒரு கன மீட்டர் சுமார் 11 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கன அடி மீட்டரில் ஒரு எண் நகர்ந்தால் அது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். உங்களுடையது கன மீட்டர் மீட்டராக இருந்து கணினியில் கன அடி என்று ஏறியிருந்தால், நீங்கள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கட்டிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு பேர் இருக்கும் சின்ன வீட்டில் கேஸ் பில் மலை மாதிரி வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

8. ஃபிக்ஸ்ட் திட்டம் எடுக்கலாமா

உச்சவரம்பு மாறும் விலைத் திட்டத்துக்குத்தான் பொருந்தும். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று விலையைப் பூட்டி வைக்கும் ஃபிக்ஸ்ட் திட்டங்களுக்குப் பொருந்தாது, அவை கீழேயும் இருக்கலாம், மேலேயும் இருக்கலாம்.

குடிவந்த உடனே எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. இரண்டு, மூன்று மாதம் எரித்துப் பார்த்து, உங்கள் யூனிட் எவ்வளவு என்று தெரிந்த பிறகு ஒப்பிடுங்கள். ஒப்பீட்டுத் தளங்களில் “என் உபயோகம் தெரியாது” என்று அழுத்தினால் சராசரி வீட்டுக் கணக்கைத்தான் காட்டும். மாதம் எவ்வளவு என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்தும் முடிவெடுக்காதீர்கள், அது வெறும் டைரக்ட் டெபிட் தொகை. யூனிட் விலை, நிலைக் கட்டணம் இரண்டையும் எழுதிக்கொண்டு உங்கள் யூனிட்டால் பெருக்குங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு நடத்தும் ஒப்பீட்டுக் கருவி விற்பனை நோக்கம் இல்லாதது, அதிலிருந்து தொடங்கலாம். அடுத்த உச்சவரம்பு ஏறுமா இறங்குமா என்பதற்கு கார்ன்வால் இன்சைட் நிறுவனத்தின் கணிப்பைத்தான் செய்திகள் மேற்கோள் காட்டும், எடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

வெளியேறும் கட்டணத்தைக் கேளுங்கள். கேஸுக்கு 50, கரண்டுக்கு 50 என்றால் பாதியில் மாற 100 பவுண்டு. திட்டம் முடிய 49 நாளோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அந்தக் கட்டணம் வாங்கக் கூடாது. எடுத்த பிறகு மனசு மாறினால் 14 நாள் அவகாசம் உண்டு. நிறுவனம் மாறினால் ஐந்து வேலை நாளில் முடியும், கரண்ட் நிற்காது, ஆள் வந்து குழாயைத் தொடப்போவதில்லை. பில்லை நேரடியாக நீங்கள் கட்டுகிறீர்கள் என்றால் நிறுவனத்தை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டுக்காரருக்குத் தெரியப்படுத்திவிட்டால் போதும்.

9. காசு எதில் போகிறது

மேலே சொன்ன விலைப்படி, ஒரு யூனிட் கரண்டின் விலை, ஒரு யூனிட் கேஸைப்போல நாலரை மடங்குக்கு மேல். இதை மட்டும் மனசில் வைத்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். பெரிய வீட்டைச் சூடாக்குவானேன், படுக்கை அறைக்கு மட்டும் ஒரு சின்ன ஹீட்டர் போதும் என்று 20 பவுண்டுக்கு 2,000 வாட் ஹீட்டர் வாங்கினோம். அது ஒரு மணி நேரம் ஓடினால் 55 பென்ஸ். தினம் ஆறு மணி நேரம் ஓட்டினால் மாதம் 100 பவுண்டு. கேஸ் ஹீட்டிங் இருக்கும் வீட்டில் ரேடியேட்டரை ஓடவிட்டு, ஆள் இல்லாத அறைகளின் வால்வைக் குறைப்பதே மலிவு. கேஸ் இல்லாத ஃப்ளாட்டில் தண்ணீர்த் தொட்டியின் இம்மர்ஷன் ஹீட்டர் 3,000 வாட், மணிக்கு 83 பென்ஸ். அது நாள் முழுக்க ஆன் ஆகி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சுவிட்ச் பெரும்பாலும் துணி அலமாரிக்குள் ஒளிந்திருக்கும்.

கிரைண்டர், மிக்ஸி, குக்கரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், மாவு அரைப்பதில் ஆகும் செலவு சில பென்ஸ்தான்.

காசைப் பார்த்து ஹீட்டிங்கையே போடாமல் இருக்காதீர்கள். எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு அப்படி இருந்து, சுவரெல்லாம் கரும்பூஞ்சை பிடித்துப் பிள்ளைக்கு மூச்சிரைப்பு வந்தது. 18 டிகிரி என்பது குறைந்தபட்சம். குளிர்காலத்தில் ஊருக்குப் போனாலும் பாய்லரை அடியோடு அணைக்காமல் குறைந்த சூட்டில் விட்டுச் செல்லுங்கள், குழாய் உறைந்து வெடித்தால் செலவு ஆயிரங்களில்.

10. பில் தப்பு என்றால்

போனில் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் நாலு முறை பேசி நாலு பேரும் நாலு பதில் சொன்னார்கள். ஐந்தாவது முறை மின்னஞ்சலில் “இது முறையான புகார்” என்று முதல் வரியிலேயே எழுதி, வீடியோவிலிருந்து எடுத்த படம், அனுப்பிய தேதி தெரியும் திரை, ஒப்பந்தத்தின் முதல் பக்கம், அன்றைய ரீடிங் நாலையும் இணைத்தேன். புகார் எண் வந்தது. அதிலிருந்துதான் நகர்ந்தது.

எட்டு வாரத்தில் தீர்க்கவில்லை என்றாலோ, இதற்கு மேல் முடியாது என்று அவர்களே எழுதிக் கொடுத்தாலோ, எனர்ஜி ஆம்பட்ஸ்மேன் என்ற, தகராறு தீர்த்துவைக்கும் நடுநிலை அமைப்பிடம் போகலாம். உங்களுக்கு அது இலவசம். அவர்கள் முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் கட்டுப்பட்டே ஆக வேண்டும். நடுவில், தகராறில் இல்லாத தொகையைக் கட்டிக்கொண்டே இருங்கள். டைரக்ட் டெபிட்டைக் கோபத்தில் நிறுத்தினால் கடன் பாக்கி என்று உங்கள் கிரெடிட் ரெக்கார்டில் ஏறக்கூடும்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு: அவர்கள் தவறால் சரியான பில் அனுப்பாமல் விட்டிருந்தால், 12 மாதத்துக்கு முன்னால் எரித்ததற்கு இப்போது பணம் கேட்க முடியாது.

11. கட்ட முடியவில்லை என்றால்

சும்மா இருந்துவிடாதீர்கள், கூப்பிட்டுச் சொல்லுங்கள். உங்களால் தாங்கக்கூடிய தவணையைப் பேசித் தருவது அவர்கள் கடமை. நம்மில் பலரின் விசாவில் அரசு உதவித்தொகை பெறக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது; தவணை கேட்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று பயந்து வாயைத் திறக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். தவணையும் நிறுவனத்தின் சொந்த நிவாரண நிதியும் அரசு உதவித்தொகை கிடையாது. வார்ம் ஹோம் டிஸ்கவுன்ட் என்ற 150 பவுண்டு பில் தள்ளுபடி வேறு விஷயம், அது குறிப்பிட்ட அரசு உதவிகளை ஏற்கெனவே பெறுபவர்களைச் சார்ந்தது.

கூடுதல் உதவி தேவைப்படும் வீடுகளுக்காக முன்னுரிமைப் பதிவேடு (பிரையாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர்) என்று ஒன்று எல்லா நிறுவனங்களிலும் உண்டு, இலவசம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நோயாளி இருக்கும் வீடுகள் சேரலாம். ஆங்கிலம் சரியாக வராது என்பதற்காகவும் சேரலாம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்து தங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

எரிசக்தி நிவாரணம் வந்திருக்கிறது, இந்த லிங்க்கை அழுத்துங்கள் என்று வரும் குறுஞ்செய்தி எதையும் அழுத்தாதீர்கள். சந்தேகம் என்றால் பில்லில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். கேஸ் வாடை வந்தால் 0800 111 999, கரண்ட் போனால் 105, இரண்டும் இலவசம்.

12. வீட்டைக் காலி செய்யும்போது

இரண்டு வாரம் முன்னால் போகும் தேதியையும் புது முகவரியையும் சொல்லிவிடுங்கள். கடைசி நாள், பெட்டியெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, மறுபடி இரண்டு மீட்டரையும் படம் எடுத்து அன்றே ரீடிங் கொடுங்கள், ஏஜென்ட்டுக்கும் ஒரு நகல் மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஆறு வாரத்துக்குள் கடைசிப் பில் வர வேண்டும், மிச்சப் பணம் அதிலிருந்து பத்து வேலை நாளுக்குள் வர வேண்டும். அது வந்து சேரும்வரை டைரக்ட் டெபிட் போட்டிருந்த வங்கிக் கணக்கை மூடாதீர்கள், படங்களையும் அழிக்காதீர்கள்.